கடைசி ரெண்டு நம்பர்

அக்காவின் செல்போன் நம்பர் 47-ல் முடியும். திரையில் வந்தது 81.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, தக்கலையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அக்காவின் கூகுள் கணக்குக்கு ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று என் போனில் தட்டினேன். ஒரு எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது. எண் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது, கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. எட்டு, ஒன்று.

"இது யாருக்க நம்பரு அக்கா?"

அக்கா நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "எனக்கு எப்படிலே தெரியும்? எனக்க நம்பரு நாப்பத்தேழுல்லா."

கத்தாரில் இருக்கும் அவள் மகனுடைய நம்பரா? இல்லை. மருமகள்? இல்லை. எங்கள் குடும்பத்தில் 81-ல் முடிகிறவர் ஒருத்தரும் இல்லை.

நடந்தது இதுதான். அக்காவின் புதுப் போனைத் திறக்க, கடையில் போட்டுக்கொடுத்த ‘பின்’ நம்பர் அவளுக்கு மறந்துபோய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டான். புதுசு மாதிரி ஆகிவிடும் பெரியம்மே என்று சொல்லித்தான் செய்தானாம். ஆனால் ஆண்ட்ராய்டு போனை அப்படிப் பின்வாசல் வழியாக அழித்தால், இதற்கு முன்னால் இதில் இருந்த கூகுள் கணக்கைக் கொண்டா என்று நின்றுகொள்ளும். திருடன் கையில் போனால் உதவாமல் போகட்டும் என்று செய்த ஏற்பாடு. இங்கே திருடன் யாருமில்லை, ஆனாலும் அக்கா வெளியே நின்றாள். போன் பெட்டியின் மூடிக்குள் பேனாவால் ஒரு மெயில் முகவரி எழுதியிருந்தது. பாஸ்வேர்டு எழுதவில்லை. அக்காவுக்கு அப்படி ஒரு மெயில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"இத யாரு உண்டாக்குனா?"

"கடையில உள்ள பிள்ளதான். அதுக்கு பைசாயும் கொடுத்தேனே."

பெட்டிக்குள்ளேயே பில் மடித்து வைத்திருந்தாள். ஓணம் ஆஃபரில் மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய கடையில் வாங்கியது. போன் 15,499. டெம்பர்ட் கிளாஸ் 499. பவுச் 349. ‘டிவைஸ் செட்டப் அண்ட் டேட்டா டிரான்ஸ்பர்’ 599. ஸ்கிரீன் உடைந்தால் மாற்றித் தரும் திட்டம் 1,199. பழைய போனுக்குக் கழிவு 700. ஆக 17,445 ரூபாய். மகன் அனுப்பியது 16,000. மிச்சம் 1,445-ஐ அக்கா ரப்பர் ஷீட் விற்ற காசிலிருந்து போட்டிருக்கிறாள். குலசேகரம் பக்கம் அரை ஏக்கர் மரம் அவளுக்கு உண்டு, அத்தான் போன பிறகு அதுதான் அவள் கை வரும்படி.

அந்த 599-ல் 91 ரூபாய் சொச்சம் ஜிஎஸ்டி. 18 சதவீதம். அக்காவின் பின் நம்பரைப் போட்டுக்கொடுத்ததற்கு அரசாங்கத்துக்கும் பங்கு போயிருக்கிறது.

இதற்குமேல் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நானும் இந்த வேலையைச் செய்தவன்தான். 1990-ல் தொலைபேசித் துறையில் சேர்ந்தேன். 2000 அக்டோபர் 1-ல் அது பிஎஸ்என்எல் ஆயிற்று. 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வில் நாடு முழுக்க ஏறக்குறைய 78,500 பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோமே, அதில் நானும் ஒருத்தன். முப்பது வருடம் தெருவில் இருக்கும் டி.பி. பெட்டியிலிருந்து வீட்டுக்கு டிராப் ஒயர் இழுத்து, சுவரில் ரோசெட் என்ற இணைப்புப் பெட்டி அடித்து, போன் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் போனுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். டயல் டோன் கேட்டதும் வீட்டுக்காரர் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளம்பும்போது ஐம்பதோ நூறோ மடித்துக் கையில் வைப்பார்கள். விதிப்படி ஒன்றும் வாங்கக்கூடாது. வேண்டாம் என்று சொன்ன நாட்களும் உண்டு, வாங்கின நாட்கள்தான் கூடுதல். கருங்கல்லில் ஒரு வீட்டில் காசோடு அரைச் சாக்கு மரச்சீனிக் கிழங்கும் சைக்கிளில் கட்டி விட்டார்கள்.

ஆகவே வேலைக்குக் கூலி வாங்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏணி போட்டு ஏறுகிறவனுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஏசி மாட்டுகிறவர்கள் செம்புக் குழாய்க்கு மீட்டர் கணக்கு போடுவதை யாரும் தப்புச் சொல்ல முடியாது. அந்த ஆளை வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பார்த்தால் நமக்குத்தான் வயிறு கலங்கும். டிவியைச் சுவரில் மாட்டுவதும் அப்படித்தான், அதுவும் எங்கள் பக்கத்துப் பழைய வெட்டுக்கல் வீட்டில். டிரில்லை வைத்தால் செம்மண்ணாக உதிரும், பிளக் நிற்காது. நல்ல கல்லைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, பெரிய பிளக் போட்டு, சிமென்ட் வைத்து முறுக்கினால்தான் நிற்கும். அதற்கு ஐந்நூறு கேட்டால் கொடு, அறுநூறு கேட்டாலும் கொடு.

செல்போன் செட்டப்பில் இந்த வெட்டுக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்று செய்தேன். என்னிடம் இருந்த பழைய போன் ஒன்றை முறைப்படி அழித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து போட்டேன். மொழி கேட்டது, தமிழ் என்றேன். வைஃபை கேட்டது, கொடுத்தேன். மற்ற போனிலிருந்து எடுக்கட்டுமா என்றது, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கணக்கு, பின், விரல் ரேகை. வலது கைப் பெருவிரல் மட்டும் நாலு தடவை கேட்டது, முப்பது வருடம் ஒயர் சீவிய விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? ஆக என் கை வேலை செய்தது பதினொரு நிமிடம். படங்களும் நம்பர்களும் அதுவாக ஏறிக்கொண்டிருந்தது முப்பத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் நான் கட்டன் சாயா குடித்தேன். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கக் குறியீடு வந்தது, போட்டேன். பழைய உரையாடல்களையும் கியூஆர் காட்டி ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், அதற்கும் நம் வேலை பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

இதைத்தான் கடையில் 599 என்கிறார்கள். சரி, வயசானவர்களுக்குப் பொறுமையாக ஒரு பையன் உட்கார்ந்து செய்து கொடுத்தால், அந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. இதில் ரெண்டு விதம் உண்டு, வேண்டாம் என்றால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம், நாங்கள் செய்தால் இவ்வளவு ஆகும் என்று சொல்லவில்லை. ஏசிக் குளிரில் ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு சின்னக் குப்பி தண்ணீர் கொடுத்து, "ஆன்ட்டி, எல்லாம் ரெடி பண்ணித் தாறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். ரெடி பண்ணித் தருவதற்கு விலை உண்டு என்பது பில்லில்தான் தெரிந்தது. அதுவும் மருமகள் படித்துச் சொன்னபோது.

செட்டப் என்ற பெயரில் நம்மைச் சுற்றி நடப்பதைக் கவனிக்க ஆரம்பித்தால் ஒரு பாடு இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி புது டிவி வாங்கினார். படம் கண்ணைக் குத்துகிறது, வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது, கீழே ஏதோ விளம்பரம் ஓடுகிறது, டிவி கேடு என்று புலம்பினார். கடைக்குப் போன் செய்தால் ஆள் வந்து பார்க்க 450 என்றார்கள். போய்ப் பார்த்தேன். முதல் நாள் மாட்ட வந்தவன், ‘இந்த டிவி எங்கே இருக்கப்போகிறது, வீட்டிலா கடையிலா’ என்ற கேள்விக்குக் கடை என்று அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். கடை என்றால் டிவி ஷோரூம் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி பளபளவென்று நிற்கும், நாம் மாற்றினால் தானே பழையபடி ஆக்கிக்கொள்ளும். செட்டிங்கில் போய் வீடு என்று மாற்றினேன். அண்ணாச்சி ஒரு சீப்பு மட்டிப்பழம் தந்தார்.

மயினி மகன் லேப்டாப் வாங்கினபோது விண்டோஸ் ஆக்டிவேஷன், ஆபீஸ், ஆன்டிவைரஸ் என்று 1,500 வாங்கினார்கள். விண்டோஸ் அந்த லேப்டாப்பிலேயே உயிரோடு வந்தது. ஆபீஸும் விலைக்குள் அடக்கம், பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. வைரஸைப் பார்த்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டர் உள்ளேயே சும்மா இருக்கிறது. ஆக 1,500 எதற்கு? திறந்து பார்த்ததற்கு.

சரி, 81-க்கு வருவோம்.

திங்கட்கிழமை அக்காவும் நானும் மார்த்தாண்டம் போனோம். நல்ல மழை. எங்கள் ஊரில் ரெண்டு பருவ மழையும் உண்டு, கடைக்காரர்களுக்கு ரெண்டு ஆஃபர் காலமும் உண்டு, ஓணம் முடிந்தால் தீபாவளி. கடையில் முதலில் நின்ற பையன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, பழக்கப்பட்ட குரலில், "கூகுள் லாக் ஆயிருக்கு சார், அன்லாக் பண்ண 800 ஆவும்" என்றான். பூட்டினதும் இவர்கள், திறப்பதும் இவர்கள். நான் அந்த 800-ஐக் காதில் வாங்காமல் கேட்டேன்.

"தம்பி, 81-ல முடியுற நம்பரு யாருக்குள்ளது?"

அவன் முகம் மாறவில்லை. திரும்பி, கவுண்டருக்குப் பின்னால் சார்ஜில் கிடந்த ஒரு பழைய போனைப் பார்த்தான். அவ்வளவுதான். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு அவனே சொன்னான். சின்னப் பையன், காலேஜ் முடித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். "ஆன்ட்டிமாருக்கு பழைய மெயில் பாஸ்வேர்டு தெரியாது அண்ணாச்சி. பின்னால கூட்டம் நிக்கும். அதான் புது மெயில் உண்டாக்கிருவோம். ஒரு நம்பர்ல கொஞ்சம் பேருக்கு மேல போட முடியாது. முதல்ல எனக்க நம்பரத்தான் போட்டோம், அது தீந்து போச்சு. இப்ப கடை போன்."

தீர்ந்து போச்சு என்று அவன் சொன்னபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எத்தனை அக்காமாரின் கணக்குக்கு அவன் நம்பர் காவல் நிற்கிறதோ, அவனுக்கே தெரியாது. அவன் நாளைக்கு சிம்மை மாற்றினால்? கடை அந்தப் பழைய போனைத் தூக்கிப் போட்டால்? அக்காவின் போட்டோ, நம்பர்கள், யூபிஐ பதிவு செய்த போன், எல்லாவற்றுக்கும் கடைசி வாசல் அந்தக் கவுண்டர் போனில் இருக்கிறது. பையன் கெட்டவன் இல்லை, நேரம் இல்லாதவன். ஒரு நாளைக்கு இத்தனை செட்டப், இத்தனை கிளாஸ், இத்தனை பிளான் போட வேண்டும் என்று மேலே கணக்கு வைத்திருக்கிறார்களாம். குறைந்தால் மாதக் கடைசியில் கேட்பார்களாம். நான் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் போய் ஒயர் இழுத்தவன். காசு வாங்கியிருக்கிறேன், கிழங்கு வாங்கியிருக்கிறேன், ஒரு வீட்டுச் சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்ததில்லை.

மேனேஜர் வந்தார். செட்டப் சார்ஜ் ஏன் கேட்காமல் போட்டீர்கள் என்றேன். "வாரன்டிக்கு அது கட்டாயம் சார்" என்றார். வாரன்டி அட்டையை நீட்டி எந்த வரி என்று காட்டச் சொன்னேன். அவர் அட்டையைத் தொடவே இல்லை. "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்றார். சிஸ்டம் என்ற இந்தச் சொல் எங்கள் எக்ஸ்சேஞ்சிலும் உண்டு. யார் மேலும் பழி விழக்கூடாது என்றால் நாங்களும் சிஸ்டத்தைத்தான் சொல்வோம்.

ஓய்வுபெற்ற ஆளுக்குப் படிக்க நேரம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொரு பொருளையோ சேவையையோ சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை அது வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் நடைமுறை என்கிறது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம், முன்கூட்டியே தெரிவிக்காமல் பில் போடும் இடத்தில் வைத்துக் கேரி பேக்குக்குக் காசு சேர்ப்பது நேர்மையற்ற வணிகம் என்று சொன்னது. கேரி பேக்குக்கே அப்படி என்றால் செட்டப்புக்கு எப்படி? ஆன்லைனில் நம் கூடையில் நமக்குத் தெரியாமல் எதையாவது சேர்த்துவிடுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் பெயர் சொல்லியே தடுக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற உதவி எண் உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணம்கூடக் கிடையாது.

இதையெல்லாம் அடுக்கி ஒரு பிரசங்கம் செய்யலாம் என்றுதான் மனதில் இருந்தது. செய்யவில்லை. 1915 என்று மட்டும் சொன்னேன், அதுவும் மெதுவாக. மேனேஜர் ஒரு பவர் பேங்க் தருகிறேன் என்றார். பவர் பேங்க் வேண்டாம், 599 வேண்டும் என்றேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சாரமில்ல மக்கா, பஸ்ஸு போயிரும்." பத்து நிமிடம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 599-ஐத் திருப்பித் தந்தார்கள். 1,199 வரவில்லை. அதற்கு அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். எதில் என்று பார்க்காமல்தான். 499 ரூபாய் கிளாஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அதே மாதிரி ஒன்றை வெளியே நடைபாதையில் நூறு ரூபாய்க்கு ஒட்டிக்கொண்டிருந்தான்.

அங்கேயே நின்று வேலையை முடித்தோம். கவுண்டர் போனுக்குக் குறியீடு வந்தது, பையன் வாசித்தான், நான் போட்டேன். புது பாஸ்வேர்டு அக்காவே தேர்ந்தெடுத்தாள், எங்கள் ரெண்டு பேரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு. மீட்பு எண்ணில் 81-ஐ எடுத்துவிட்டு 47-ஐப் போட்டேன். பாஸ்வேர்டு மாற்றின கையோடு போன் திறந்துவிடவில்லை. மறுநாள்தான் திறந்தது.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. டேட்டா டிரான்ஸ்பர் என்று பில்லில் போட்டவர்கள் நம்பர்களை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். அக்கா ரப்பர் ஷீட் கொண்டு போடும்போது ரப்பர் கடைக்காரர் தரும் எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஷீட் இத்தனை கிலோ, ஒட்டுப்பால் இத்தனை, அன்றைய விலை. ஒரு வருடக் கணக்கு அதில்தான் இருந்தது, வேறு நோட்டு கிடையாது. புது மெயில் போட்டதால் பழைய சேமிப்பு எதுவும் வரவில்லை. பழைய போனோ 700 ரூபாய்க்குப் போய்விட்டது. அக்கா மூன்று மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. தன் கையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்திருக்கிறாள்.

மகனுக்குப் போன் போட்டேன். முன்பு அவன் ஊருக்கு வந்தபோது அம்மைக்கு ஒரு மெயில் உண்டாக்கிக் கொடுத்திருந்தானே, அதன் பாஸ்வேர்டு அவனுக்கு நினைவிருந்தது. அந்தக் கணக்கைப் போனில் சேர்த்து, வாட்ஸ்அப்பை முதலிலிருந்து ஏற்றியபோது, பழைய சேமிப்பு இருக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்டது. ஆவணி வரைக்குமான சீட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. புரட்டாசி, ஐப்பசி போனது போனதுதான். மழையில் பால்வெட்டு இல்லாத நாள்தான் கூடுதல் என்பதால் பெரிய கணக்கு இல்லை என்று அக்கா சொன்னாள், எனக்காகச் சொன்னாளோ என்னவோ.

அன்றைக்குக் கடையிலிருந்து இறங்கி மழையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டோம். பின்னால் அந்தப் பையன் ஓடி வந்தான். அக்கா குடையைக் கவுண்டரிலேயே விட்டிருக்கிறாள். குடையை வாங்கிக்கொண்டு, அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை மடித்து அவன் கையில் வைத்தாள். "வாங்கு மக்கா, ஒரு சாயா குடி." அவன் என்னைப் பார்த்தான். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

போன வாரம் குலசேகரம் போயிருந்தேன். பாஸ்வேர்டை எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசித் தாளில் அத்தானின் கையெழுத்தில் பிள்ளைகளின் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அதற்குக் கீழே பேரப்பிள்ளைகளுடையது அக்காவின் கையெழுத்தில், அதற்கும் கீழே நீல மையில் பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி எல்லாம் பிசகாமல்.

"இதுல போயா எழுதுவ? யாராவது எடுத்துப் பாத்தா?"

"இதை எவம்லே திறந்து பாக்கான்?" என்றாள் அக்கா.